தாயக்கட்டையில் விண்கப்பல் ஓட்டலாமா?

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வீட்டில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் கூடுகிறோம். வளவில் உட்கார்ந்து, விண்வெளிப் பயணிகளாகப் பாத்திரமேற்று ஆடும் ‘டிராவலர்’ ஆடலாம், ஆட்டத்தை நடத்தும் ரெஃபரியாக நானே இருக்கலாம் என்று திட்டம். விதிப்புத்தகம் இரண்டு ஆறுமுகப் பகடை கேட்கிறது. வீட்டில் அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு அதையே உருட்டலாமா?

— ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உருட்டலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

மார்க் மில்லர் எழுதி 1977இல் வந்த ஆட்டம் அது. இன்றைய பதிப்புகளில் சாதாரணமான ஒரு காரியம் பலிக்க, இரண்டு பகடையும் சேர்ந்து 8 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். 36 சேர்க்கைகளில் 15 அப்படி விழும், நூற்றுக்கு 42. திறன் எண்ணை உருட்டலோடு கூட்டிக்கொள்வதால், பைலட்டுக்குத் திறன் 1 இருந்தால் அது 58 ஆகும், 2 என்றால் 72, 3 என்றால் 83. கைதேர்ந்தவன்கூட ஆறில் ஒரு முறை கோட்டை விடுவான். ஆட்டத்தின் உயிரே அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். மொத்தம் 16 சேர்க்கை. கூட்டுத்தொகை 3 என்பது நான்கு விதத்தில் விழும், தாயம் (1) இரண்டு விதத்தில், 6 ஒரே விதத்தில். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. 4க்கு மேல் விழுந்தால் வெற்றி என்று வைத்தால் (4ம் சேர்த்திதான்) 16இல் 7, அதாவது 44. அட, பகடைக்கு வெகு அருகில் வந்துவிட்டதே! ஆனால் திறன் சேர்த்துப் பாருங்கள்: 69, 88, அப்புறம் 100. திறன் 3 உள்ளவன் தோற்கவே மாட்டான். மிகத் தாழ்ந்த பூஜ்யத்தைத் தாய ஆட்டம் மிக உயர்ந்த பன்னிரண்டாக ஆக்கிவிட்டதால் வரும் வினை இது. வெறுங்கட்டையைப் பூஜ்யமாகவே எண்ணினால் 100 என்பது 94 ஆகும்தான். ஆனால் பன்னிரண்டு விழுந்ததென்று துள்ளும் பிள்ளையிடம் ‘உன் கப்பல் போச்சு’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் திறன் சோதனைக்கு இரண்டு லூடோ பகடை வாங்கிக்கொள்ளுங்கள். திறமை குறுக்கிடாத இடங்களுக்குத் தாயக்கட்டை. புதுக் கிரகத்தில் இறங்கியதும் என்ன எதிர்ப்படுகிறது என்பதற்கு நீங்களே ஒரு பட்டியல் எழுதுங்கள். மூன்றுக்கு வழக்கமான சுங்கச் சோதனை. பன்னிரண்டுக்கு யாரும் எதிர்பாராத ஏதாவது. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டும் வழக்கத்தையும் விடாதீர்கள். 16இல் 6 முறை ஒரு சம்பவத்தின் மேல் இன்னொன்று ஏறும்.

ஒவ்வொருவரும் ஏற்கும் பாத்திரத்தை உருவாக்குவது தனிச் சுகம். ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பாத்திரம் பார்த்த வேலையில் நான்கு வருடம் ஒரு தவணை. வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ரங்கூனிலிருந்து திரும்பியவர்களின் ஊர் உங்களுடையது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். 1977 விதிப்படி உயிர்பிழைக்கும் உருட்டலில் தோற்றால் ஆட்டம் தொடங்குமுன்பே பாத்திரம் செத்துப்போகும். சிறுவர்கள் இருப்பதால் அதை விபத்தாகக் குறைத்த புதிய விதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்கப்பல் வாங்கும் கடனுக்கு மட்டும் பழைய விதியே நல்லது: விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், பிறகு மாதாமாதம் விலையில் 240இல் ஒரு பங்கு, 40 வருடம். கூட்டினால் விலையைப் போல் 2.2 மடங்கு. முதல் நாள் சண்டையெல்லாம் வேண்டாம்; ஒரு சரக்கை வாங்கி விற்று அந்த மாதத் தவணையைக் கட்டப் பார்க்கட்டும். கணக்கு நோட்டைக் கடைசித் தம்பியிடம் கொடுங்கள்.