ஃப்ரம்-இம்போர்ட் செய்த மாறி ஏன் பழைய மதிப்பிலேயே நிற்கிறது?

பைத்தான் நிரலில், கான்ஃபிக் என்ற கோப்பில் 10 என்று இருக்கும் லிமிட் மாறியை எடுக்க ‘ஃப்ரம் கான்ஃபிக் இம்போர்ட் லிமிட்’ என்று எழுதியபின், வேறொரு கோப்பு கான்ஃபிக்.லிமிட்டை 50 ஆக்கினாலும் உங்களிடம் 10 தான் வருகிறது என்கிறீர்கள். வரத்தான் செய்யும். அந்த வரி ஓடும்போது லிமிட் சுட்டிய மதிப்புக்கு உங்கள் மாட்யூலின் (அதாவது உங்கள் கோப்பின்) நேம்ஸ்பேஸில், அதாவது பெயர்ப் பட்டியலில், தனியாக இன்னொரு பெயர் உருவாகிறது; பிறகு கான்ஃபிக்கில் அந்தப் பெயருக்கு வேறு மதிப்பு கொடுத்தால் உங்கள் பெயருக்குத் தெரியாது. ஒரு ஃபங்ஷனுக்குள் ‘குளோபல் லிமிட்’ என்று போட்டும் பயனில்லை. பெயர்தான் குளோபல், அதன் எல்லை அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட கோப்போடு சரி.

வெறும் ‘இம்போர்ட் கான்ஃபிக்’ போட்டு, தேவைப்படும் இடத்திலெல்லாம் கான்ஃபிக்.லிமிட் என்றே படியுங்கள். லிமிட்டின் மதிப்பு லிஸ்டாக இருந்தால், அப்பெண்ட் செய்தது (கடைசியில் சேர்த்தது) இரு பக்கமும் தெரியும், ஏனெனில் இரு பெயர்களும் சுட்டுவது ஒரே லிஸ்டை. கான்ஃபிக்.லிமிட்டுக்குப் புது லிஸ்ட் ஒன்றைக் கொடுத்தால் மறுபடி இதே சிக்கல்தான்.