சரணடைந்த ஜப்பானில் அரசே திறந்த விடுதிகள்: அது கட்டாயமா, விருப்பமா?

1945இல் தோற்றபின் அமெரிக்கப் படையினருக்காக ஜப்பான் அரசே விபச்சார விடுதிகளை ஏற்பாடு செய்ததா, அங்கே போன பெண்கள் விரும்பித்தான் போனார்களா என்பது கேள்வி.

ஏற்பாடு செய்தது உண்மை. ஆகஸ்ட் 15 அன்று சரணடைவு அறிவிப்பு வந்தது. மூன்றே நாளில், இந்த விடுதிகளை அமைக்கும்படி உள்துறை அமைச்சகம் காவல்துறைக்கு உத்தரவு அனுப்பியது. 'நல்ல' குடும்பத்துப் பெண்களைக் காக்க ஏழைப் பெண்களைக் கொடுத்துவிடலாம் என்பதுதான் கணக்கு. எனக்கு இது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

சரி, விருப்பமா? 'புதிய ஜப்பானியப் பெண்கள் தேவை' என்று விளம்பரம் வைத்தார்கள். உணவு, உடை, தங்குமிடம் தருவதாகச் சொன்னார்கள். வேலை என்னவென்று தெளிவாகச் சொல்லவில்லை. குண்டுவீச்சில் வீடும் உறவும் இழந்து பட்டினி கிடந்த பெண்ணின் சம்மதத்தை நான் விருப்பம் என்று ஏற்கமாட்டேன்.

இந்த யோசனை புதிதும் அல்ல. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் கொரிய, சீன, பிலிப்பைன்ஸ் பெண்களை இப்படித்தான், இன்னும் கொடூரமாக, அடைத்து வைத்தது. அப்படி அடைக்கப்பட்ட கொரியப் பெண்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன்னால் 1991இல்தான் அதை வெளிப்படையாகப் பேச முடிந்தது.

1946 மார்ச்சில் அமெரிக்கத் தலைமை தன் வீரர்களுக்கு விடுதிகளைத் தடை செய்தது. முக்கியக் காரணம், வீரர்களிடையே பரவிய பால்வினை நோய். அப்புறம் பல பெண்கள் தெருவில் நின்றார்கள்.