பிரிட்டனில் டயட்டீஷியனாகப் பணியாற்ற விரும்பும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

சென்னை மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் நான்கு ஆண்டுகள் டயட்டீஷியனாக வேலை பார்த்துவிட்டு, கணவருடைய வேலை காரணமாக லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பதிவு வாங்க அலைவதைவிட ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்ற பெயரில் வீட்டிலிருந்தே ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்வதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்து, 2013இல் லண்டனுக்கு வந்து, இதே கேள்வியோடு ஓராண்டுக்கு மேல் கழித்தவள் நான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் டயட்டீஷியன் என்பது சட்டத்தின் காவலில் இருக்கும் பெயர். எச்.சி.பி.சி. எனப்படும், சுகாதாரத் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெறாத ஒருவர், ஊரில் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாலும், அந்தப் பெயரைத் தம்முடைய அட்டையில் போட்டுக்கொள்வது குற்றமாகும். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அந்தக் காவல் இல்லை. வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்தவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால்தான் உங்களுக்குத் தெரிந்தவர்கள் அதை எளிய வழியாகக் காட்டுகிறார்கள். முறையாகப் பட்டம் பெற்ற ஊட்டச்சத்து வல்லுநர்களுக்கென்று அசோசியேஷன் ஃபார் நியூட்ரிஷன் என்ற அமைப்பு தன்னார்வப் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. பொதுச் சுகாதாரத்திலும் உணவுத் தொழிலிலும் ஆராய்ச்சியிலும் அவர்கள் செய்யும் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் டயாலிசிஸ் நோயாளிகளின் படுக்கையருகே நின்று, பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் கணக்கிட்டு வேலை செய்தவர். அந்த வேலையை இங்கேயும் செய்ய விரும்பினால் எச்.சி.பி.சி. பதிவைத் தவிர வேறு வாசல் இல்லை. எனவே என் பதில், பதிவுக்கு விண்ணப்பியுங்கள் என்பதே.

விண்ணப்பத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியல்களும் இரண்டு பக்கப் பாடத்திட்டமும் போதும் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். மதிப்பீட்டாளர்கள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. டயட்டீஷியன்களுக்கென்று வகுத்துள்ள திறன் தரங்களை ஒவ்வொன்றாக எடுத்து (இப்போது நடைமுறையில் இருப்பவை 2023 செப்டம்பரில் வந்தவை), அதை எந்தப் பாடத்தில், எத்தனை மணி நேரம், எந்த வார்டில் கற்றோம் என்று தேடுகிறார்கள். இங்கே படிக்கும் மாணவர்கள் பட்டப்படிப்புக்குள்ளேயே 1000 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மதிப்பீட்டாளர்கள் எதைத் தேடுவார்கள் என்பது புரியும். ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் நான் தீக்காயப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் செய்த வேலையெல்லாம் என் நாட்குறிப்பில் இருந்ததே தவிர, யாருடைய கையெழுத்தும் முத்திரையும் பெற்றதாக இல்லை. கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வந்தபோது என்னை மேற்பார்வையிட்ட பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். முத்திரையிட்ட ஒரு கடிதத்தைப் பெற எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

ஆங்கிலத் தேர்வில், நான் விண்ணப்பித்த காலத்தில், ஐ.இ.எல்.டி.எஸ். மொத்த மதிப்பெண் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்று கேட்டார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் மன்றத்தின் இன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். படிப்பில் குறை இருப்பதாகக் கருதினால், மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றும் தகவமைவுக் காலம் ஒன்றை முடிக்கச் சொல்லலாம். அதற்கான மருத்துவமனையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். மறுபடியும் படிக்கலாமா என்று நினைத்தால் இன்னோர் எச்சரிக்கை: பல்கலைக்கழகங்களில் ‘நியூட்ரிஷன்’ என்ற பெயரில் எத்தனையோ எம்.எஸ்ஸி. படிப்புகள் உள்ளன, எச்.சி.பி.சி. அங்கீகரித்த டயட்டெடிக்ஸ் படிப்பு மட்டுமே பதிவுக்கு உதவும். பெருந்தொகை கட்டி, படித்து முடித்த பிறகு இதை அறிந்து அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

பதிவு வரும்வரை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான வேதனை என்று நினைக்கிறேன். கணவரைச் சார்ந்த விசாவில் வந்திருப்பவருக்கு இங்கே வேலை செய்யத் தடையில்லை. நான் ஒரு மருத்துவமனையில் பேண்ட் 3 தரத்தில் (பேண்ட் என்பது இங்குள்ள அரசு மருத்துவமனைகளின் ஊதியப் படிநிலை) டயட்டெடிக் அசிஸ்டென்டாகச் சேர்ந்து எட்டு மாதம் வேலை பார்த்தேன். நோயாளிகளை எடை பார்ப்பது, உணவுப் பட்டியல் அட்டைகளை நிரப்ப உதவுவது, ஊட்டச்சத்துப் பானங்களை வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதுவது ஆகியவை என் வேலை. எம்.எஸ்ஸி. படித்தவள் தட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாளே என்று முதல் மாதம் முழுவதும் பேருந்தில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். ஆனால் இந்த நாட்டு மக்கள் எதை, எப்போது, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது அந்த வேலைதான். நேற்று ‘டீ’க்கு மீன் சாப்பிட்டேன் என்று ஒரு யார்க்ஷயர்க்காரர் சொன்னால் அது மாலை உணவைக் குறிக்கிறது என்பதும், ஒரு பைண்ட் பால் என்பது 568 மில்லிலிட்டர் என்பதும், காட்டேஜ் பை என்பது உருளைக்கிழங்கு மசியலை மேலே பரப்பி வேகவைத்த கொத்துக்கறி என்பதும் தெரியாமல் நோயாளி அன்றாடம் உண்பதைக் கேட்டு எழுத முடியாது. பிறகு வந்த நேர்முகத் தேர்வில் நான் சொன்ன உதாரணங்கள் எல்லாமே அந்த எட்டு மாதத்திலிருந்து எடுத்தவை.

வேலையின் தன்மையும் வேறு. சென்னையில் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எடையையும் சர்க்கரையையும் குறைக்க வந்தவர்கள். இங்கே மருத்துவமனை வார்டில் நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உண்ண முடியாமல் இளைத்துப்போகும் முதியவர்கள். உடல் நிறை குறியீட்டெண், தானாகக் குறைந்த எடை, நோயின் கடுமை ஆகிய மூன்றையும் வைத்து ‘மஸ்ட்’ என்ற கருவியால் செவிலியர்கள் மதிப்பெண் இடுவார்கள். 2 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம், நம்மை அழைப்பார்கள். எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டிக்கு வெண்ணெயும் கிரீமும் சேர்க்கச் சொல்லி, ஒரு பைண்ட் பாலில் நான்கு மேசைக்கரண்டி பால்பொடியைக் கலந்து கொடுக்கும்படி மூத்த டயட்டீஷியன் எழுதியதைப் பார்த்தபோது, கொழுப்பைக் குறைக்கச் சொல்லியே பழகிய எனக்கு வியப்பாக இருந்தது.

சொற்களும் தடுக்கி விழவைக்கும். ஊரில் நாம் எல்லா மூக்குவழிக் குழாயையும் ரைல்ஸ் டியூப் என்றுதான் சொல்வோம். இங்கே ஒரு வார்டில் ‘ரைல்ஸ் டியூப் வழியாக உணவு’ என்று நான் சொன்னபோது செவிலியர் திகைத்துப்போனார். அந்தக் குழாயை உருவாக்கிய ஜான் ரைல் லண்டனில் பணியாற்றிய மருத்துவர்தான். ஆனால் இன்று இங்கே ரைல்ஸ் என்றால் இரைப்பையில் தேங்கியதை வெளியேற்றும் அகலமான குழாய். உணவு செலுத்தும் மெல்லிய குழாயை என்.ஜி. என்கிறார்கள். அதில் உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருப்பதை உறுதி செய்யாமலோ, இல்லாவிட்டால் எக்ஸ்ரேயில் குழாயின் இடத்தைப் பார்க்காமலோ எதையும் செலுத்த மாட்டார்கள். இரத்தச் சர்க்கரையும் வேறு அலகில் வரும்: நம் ஊரின் 180 இங்கே 10, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், நாம் 7 சதவீதம் என்று சொல்லும் எச்.பி.ஏ.1சி. இங்கே 53. வீட்டில் இருக்கும் இந்த மாதங்களிலேயே இந்த எண்களை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பொறுப்புத்தான் என்னை அசைத்தது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மருத்துவர் கலோரியும் புரதமும் எழுதித் தருவார். அதை உணவாக மாற்றுவது என் வேலை. இங்கே மருத்துவர் ‘டயட்டீஷியனைக் கேட்கவும்’ என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறார். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே உண்ணாத ஒருவருக்கு உணவு தொடங்கினால் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் திடீரென்று சரிந்து இதயத்தையே பாதிக்கலாம் என்பதால், 2006இல் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கலோரிக்கு மிகாமல் தொடங்கி, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, நான்கு முதல் ஏழு நாளில் மெல்ல உயர்த்த வேண்டும். அந்த முதல் எண்ணை எழுதிக் கையொப்பமிடுபவர் நாம். என் முதல் தனிப் பணியன்று அப்படி எழுதிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தேன். அந்த அச்சம் நல்லது. அது உங்களிடமும் இருக்கட்டும்.

பேசும் முறையை மாற்றிக்கொள்வதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஊரில் நோயாளி உட்கார்ந்ததும் ‘என்ன பத்தியம்மா?’ என்று கேட்பார். நாம் காலை ஆறு மணிப் பாலிலிருந்து தொடங்கும் டயட் சார்ட்டை எடுத்துக் கொடுப்போம். இங்கே என் ஆலோசனையை உடனிருந்து கவனித்த மேற்பார்வையாளர், இருபது நிமிடத்தில் பதினேழு நிமிடம் நான் பேசியதாகக் குறித்து என்னிடம் காட்டினார். எதை மாற்ற விரும்புகிறார், எது அவரால் முடியும் என்று முதலில் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்கும் பழக்கம் எனக்கு வர இரண்டு ஆண்டாயிற்று. இன்று நான் பழைய சார்ட்டுக்குத் திரும்ப மாட்டேன், ஏனெனில் அந்த அட்டைகளை எத்தனை பேர் வீட்டில் எடுத்துப் பார்த்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நம் மொழி கைகொடுக்கும், ஆனால் அதிலும் கவனம் வேண்டும். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். நீரிழிவுள்ள யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ‘மத்தியானம் சோறும் மூன்று கறியும்’ என்றதை, நான் நம் ஊர்ப் பொருளில் மூன்று வகை இறைச்சி என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது பருப்பு, கத்தரிக்காய், கீரை. இறைச்சியை அவர்கள் இறைச்சி என்றே சொல்கிறார்கள். பாண் என்றால் பிரெட், குரக்கன் என்றால் கேழ்வரகு, மரக்கறி என்றால் காய்கறி. அன்றிலிருந்து சோறு அள்ளும் அகப்பையையே கொண்டுவரச் சொல்லி, அதில் எவ்வளவு சோறு பிடிக்கிறது என்று நிறுத்துப் பார்த்துத்தான் மாவுச்சத்தைக் கணக்கிடுகிறேன். லெஸ்டரில் உங்களுக்குக் குஜராத்தி நோயாளிகளே அதிகம் வருவார்கள்; தோக்ளாவும் தேப்லாவும் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அடுக்களையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கான ‘டெஸ்மண்ட்’ குழுப்பயிற்சியும் உங்கள் ஊரோடு நெருங்கிய தொடர்புடையது. ஒரு வகுப்பில் பார்வையாளராக அமர அனுமதி கேட்டுப் பாருங்கள்.

ஊதியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுபெற்ற புதியவர் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.இல் பேண்ட் 5இல் தொடங்குவார். இங்கிலாந்தில் 2024–25இல் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 29,970 பவுண்டு, பேண்ட் 6க்கு 37,338. வீடுகளுக்குச் சென்று பார்க்கும் சமூகப் பணிகளுக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இந்திய உரிமம் இங்கே வந்ததிலிருந்து 12 மாதமே செல்லும். அதில் மூன்று மாதம் உங்களுக்குக் கழிந்துவிட்டது.

எனவே இந்த வாரமே உங்கள் கல்லூரித் துறைத் தலைவருக்கும், நீங்கள் பயிற்சி பெற்ற மருத்துவமனைக்கும், நான்கு ஆண்டு வேலை பார்த்த இடத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுதுங்கள். தேர்வுக் காலம் தொடங்கிவிட்டால் பதில் வராது. பயிற்சிக் காலக் குறிப்பேடு இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிவியுங்கள். இருந்தால், அதிலுள்ளவற்றைத் திறன் தரங்களின் வரிசைப்படி எப்படித் தொகுப்பது என்று என்னுடைய விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இருவருமாக உட்கார்ந்து பார்க்கலாம்.