சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் இருந்தால் கண்புரை ஆபரேஷனில் என்ன ரிஸ்க்?

"உங்களுக்கு சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் இருக்கிறது, கண்புரை ஆபரேஷன் கொஞ்சம் ரிஸ்க்" என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம்?

வயதான சிலருக்குக் கண்ணுக்குள் பொடுகு போன்ற வெள்ளைத் துகள்கள் உருவாகி, லென்ஸின் மீதும் கண்மணியின் ஓரத்திலும் படியும். அதுதான் இது. 1917இல் ஃபின்லாந்து மருத்துவர் லிண்ட்பர்க் முதலில் விவரித்தார். ('சூடோ' என்றால் போலி. அதற்காக நோயே போலி என்று விட்டுவிடாதீர்கள்! உலைச் சூட்டில் வேலை செய்பவர்களுக்கு லென்ஸ் உறையே உரியும் வேறொரு கோளாறிலிருந்து பிரித்துக் காட்ட வந்த பெயர் அது.)

சரி, சிக்கல் எங்கே? லென்ஸைச் சுற்றிலும் மெல்லிய இழைகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த நோயில் அவை நைந்துபோகும். பழைய கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உட்கார்ந்தால்தான் கயிறு இற்றது தெரியும். புரையை உடைத்து எடுக்கும்போது இழைகள் அறுந்து லென்ஸ் கண்ணுக்குள் பின்பக்கம் விழலாம், லென்ஸை மூடியிருக்கும் மெல்லிய உறை கிழியலாம். போதாக்குறைக்கு, சொட்டு மருந்து விட்டாலும் கண்மணி சரியாக விரியாது. அதனால் அதை விரித்துப் பிடிக்கக் கொக்கிகள், உறையைத் தாங்க ஒரு வளையம் எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும்.

புரையை எடுத்தால் இதுவும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, துகள்கள் தொடர்ந்து உருவாகும், கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) வரலாம், ஆபரேஷனில் பொருத்திய செயற்கை லென்ஸ் பல வருடம் கழித்துக்கூட நகரலாம் என்பதால் செக்கப் தொடர வேண்டும்.