வாசகர் கேள்வி - பதில்: தொண்டூழியப் போலிசாகச் சேரலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் தொண்டூழியச் சிறப்புக் காவல் படையில் சேர விரும்புகிறேன். "சம்பளம் வாங்காத போலிசுக்கு அதிகாரம் ஏது? தைப்பூசக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் நிறுத்துவார்கள்" என்கிறார் நண்பர். உண்மையா? (கணக்காளர், ஈசூன்)

பதில்: உண்மையில்லை. பணியில் இருக்கும் தொண்டூழிய அதிகாரிக்கு முழுநேர அதிகாரிக்கு உள்ள அதே அதிகாரங்களைச் சட்டம் தருகிறது. கைது செய்யவும் சோதனையிடவும் அவருக்கு உரிமை உண்டு. துப்பாக்கியும் கைவிலங்கும் அவர் இடுப்பிலும் இருக்கும். சீருடையில் உள்ள விஎஸ்சி என்ற எழுத்துகளை (படையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்)க் கூர்ந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஜப்பானியர் ஆட்சி முடிந்து, போலிஸ் படை ஆள் பற்றாக்குறையால் திணறிய காலத்தில், 1946இல் தொடங்கப்பட்ட இப்படை இன்று அக்கம்பக்கப் போலிஸ் நிலையங்கள், போக்குவரத்துப் போலிஸ், கடலோரக் காவல் படை எனப் பல பிரிவுகளில் பணியாற்றுகிறது. படைக்குத் தலைமை ஏற்பவரும் பகலில் வேறு தொழில் பார்க்கும் தொண்டூழியரே என்பது பலருக்குத் தெரியாது.

அதிகாரம் சமம் என்றால் பொறுப்பும் சமம். உங்கள் நண்பர் காணத் தவறியது இதைத்தான். வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலுமாக ஏறக்குறைய ஆறு மாதம் நீளும் பயிற்சியில் சட்டம், தற்காப்பு, துப்பாக்கி சுடுதல், கைது நடைமுறை அனைத்தையும் கற்றுத் தேர வேண்டும். அதன் பின் மாதந்தோறும் குறைந்தது 16 மணி நேரம் பணி. மணிக்கணக்கில் ஒரு சிறு படித்தொகை கிடைக்கும். அதை வருமானமாக எண்ணி யாரும் சேர்வதில்லை.

ஒரு மாலைப் பணியை எண்ணிப் பாருங்கள். அலுவலகச் சட்டையைக் கழற்றிச் சீருடை அணிந்து, ஆயுதத்தைக் கையொப்பமிட்டுப் பெற்று, அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு முழுநேர அதிகாரியுடன் ரோந்து காரில் ஏறுகிறீர்கள். முதல் அழைப்பே ஒரு புளோக்கின் ஒன்பதாம் மாடியில் அண்ணன் தம்பிச் சண்டையாக இருக்கலாம். கதவருகே நிற்கும் பாட்டி தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். "ஐயா, பிள்ளையைப் பிடிச்சிட்டுப் போயிடாதீங்க" என்று கையைப் பற்றிக்கொள்கிறார். அவரை உட்கார வைத்து, நடந்ததைத் தமிழில் கேட்டு, அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளும் அதிகாரி அந்த வீட்டிற்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அதேபோல, பொது இடத்தில் இரவு 10.30க்கு மேல் மது அருந்தக் கூடாது என்பதைச் சிராங்கூன் சாலையோரம் அமர்ந்திருக்கும் ஊழியரிடம் அவர் மொழியில் சொன்னால் பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும். நம்மவர்கள் கூடுதலாகச் சேர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: எங்கள் கோயம்புத்தூரில் ஊர்க்காவல் படை உண்டு. இத்தகைய படையை ஒரு நகரில் நன்றாக அமைக்க எது முதலில் வேண்டும்? (பொறியாளர், ஜூரோங்)

பதில்: உங்கள் ஊர்க்காவல் படைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1946 டிசம்பரில், கலவரச் சூழலில் பம்பாயில் தொடங்கிய அமைப்பு அது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் நாடெங்கும் சீரமைக்கப்பட்டது. பிரிட்டனிலோ சிறப்புக் காவலர்களுக்கென 1831லேயே சட்டம் இயற்றிவிட்டார்கள்.

முதலில் வேண்டியது சட்டம்தான். பணியிலுள்ள தொண்டூழியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், காயமுற்றால் அவர் குடும்பத்தை யார் பார்த்துக்கொள்வார் என்பவை எழுத்தில் இல்லாமல் ஒருவர் கையில் தடியைக் கொடுப்பது அவருக்கும் தீங்கு, ஊருக்கும் தீங்கு. அடுத்தது ஆள் தேர்வு. கட்சிக் கொடியோடு வருபவரையும், தெருப்பகையைத் தீர்த்துக்கொள்ள வழி தேடுபவரையும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

இவற்றுக்கு இணையாக நான் முக்கியமெனக் கருதுவது, தொண்டூழியர்களைத் தனிக் கூட்டமாக ஒதுக்காமல் முழுநேர அதிகாரிகளோடு இணைத்தே பணியில் விடுவது. தனியே விட்டால் அவர்கள் அணிவகுப்புக்கு மட்டும் உரியவர்களாகிவிடுவார்கள். வேலை தெரிந்தவரின் அருகில் நின்று கற்பதை எந்த வகுப்பறையும் தராது. மாதத்திற்கு இத்தனை மணி நேரம் என்று கட்டாயப்படுத்துவதும் அதனால்தான், ஏனெனில் ஆண்டுக்கொருமுறை துப்பாக்கியைத் தொடுபவரை நம்பி யாரும் தெருவில் இறங்க முடியாது. ஆபத்துக்கு அஞ்சி விலகுவோரைவிட, உருப்படியான வேலை தரப்படாததால் சலித்து விலகுவோரே அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: செர்ட்டிஸ், ஏட்டோஸ் அதிகாரிகளும் தொண்டூழியப் போலிசாரும் ஒன்றா? (இல்லத்தரசி, தெம்பனிஸ்)

பதில்: இல்லை. அவர்கள் துணைப் போலிசார். செர்ட்டிஸ், ஏட்டோஸ் போன்ற பாதுகாப்பு நிறுவனங்களில் மாதச் சம்பளத்திற்குப் பணிபுரிபவர்கள். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டபோது அப்பகுதியில் பணியில் இருந்தவர்களில் அவர்களும் உண்டு. தொண்டூழியர்கள் சிங்கப்பூர்ப் போலிஸ் படையின் உறுப்பினர்கள்.

கேள்வி: கட்டாயத் தேசிய சேவையை (இளைஞர்கள் படையில் ஆற்றும் சேவை) முடித்த என் மகன் தொண்டூழியப் போலிசில் சேரப்போவதாகச் சொல்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், உட்லண்ட்ஸ்)

பதில்: அம்மா, ஆபத்தே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. 1955 மே மாதம் ஹொக் லீ பேருந்து நிறுவன வேலைநிறுத்தத்தையொட்டி மூண்ட கலவரத்தில் உயிரிழந்தவர்களுள் இளம் தொண்டூழியக் காவலர் ஒருவரும் இருந்தார். இன்றைய சிங்கப்பூர் அன்றைய சிங்கப்பூர் அல்ல. பயிற்சி மேம்பட்டிருக்கிறது, தனியாக எவரையும் ஆபத்தில் தள்ளுவதுமில்லை. ஆயினும் சீருடை அணிந்தவர் பிறர் விலகி ஓடும் இடத்தை நோக்கிச் செல்ல வேண்டியவரே. அதை உங்கள் மகன் அறிந்து சேர்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். வேலை அல்லது படிப்பு, தேசிய சேவையின் மறுபயிற்சி, வீட்டுக் கடமைகள் ஆகியவற்றுக்கு மேல் மாதம் 16 மணி நேரம் அவரால் ஒதுக்க முடியுமா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இப்போது முடியாதென்றால் ஓரிரு ஆண்டு கழித்து, வேலையில் காலூன்றிய பின் விண்ணப்பிக்கலாம். அவருக்கு வயது இருக்கிறது.