52க்கு 19

அன்புள்ள அக்கா,

பண்டாரவளையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஜனவரியில் குட்ரீட்ஸ் என்ற வாசிப்புத் தளத்தில் இந்த வருடத்துக்கு 52 புத்தகம் என்று இலக்குப் போட்டேன். ஒக்டோபர் பாதி தாண்டியும் 19தான் முடிந்திருக்கிறது. 22 புத்தகம் பின்தங்கியிருப்பதாகச் செயலி காட்டுகிறது. மார்ச்சில் தொடங்கிய ஒரு தடித்த நாவல் கணக்கை இழுத்ததால் 140ஆம் பக்கத்தில் மூடிவிட்டேன். பஸ்ஸில் கேட்கும் ஒலிநூல்களைக் கணக்கில் சேர்க்கலாமா? மீதி நாட்களுக்குச் சின்னப் புத்தகங்களாகச் சொல்வீர்களா? தோற்றுப்போன மாதிரி இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

ஒலிநூலைச் சேருங்கள், யார் தடுக்கிறார்கள்? எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதையை ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மூக்கைச் சிந்திய அப்பாயிமார் எல்லாரும் வாசகர்கள்தான். பட்டியல் மட்டும் தரமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசிப்பு மாதப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகம் வாசித்த பிள்ளைக்குக் கேடயம். போன வருடமும் போனேன். ஒரு மாதத்தில் 61 புத்தகம் என்று எழுதிக்கொண்டு வந்த பிள்ளையிடம், எது பிடித்தது என்று கேட்டேன். பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்தது. எனக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா கொழுந்து எடுத்தவர். பள்ளி விட்டதும் சாக்குத் தூக்க மடுவத்துக்குப் போவேன். கொக்கியில் சாக்கு ஆடி நிற்கும். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார். சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம். மலையில் கொழுந்து குறைந்த நாட்களில், அரைப் பேருக்குப் பயந்து, முற்றிய இலையையும் உருவிச் சாக்கின் நடுவில் அமுக்கி வைப்பார் அம்மா. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது தேத்தண்ணியின் ருசிக்காக வைத்த கணக்கு. தராசுக்கு ருசி தெரியுமா?

நீங்கள் கேட்கிற சின்னப் புத்தகம் அந்த முற்றல்தான், தங்கச்சி. சின்னப் புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை (நான் எழுதியதெல்லாம் 100 பக்கத்தைத் தாண்டாதவை). கணக்கை நிரப்பத் தேடினால்தான் அது முற்றல். அம்மா அடுப்பெரிய வேண்டும் என்று செய்தார். உங்களுக்கு என்ன வந்தது? 2011இலிருந்து வருடா வருடம் இந்தச் சவாலை நடத்துகிறது அந்தத் தளம். 2013இல் அதை வாங்கியது அமேசான், புத்தகம் விற்கிற கம்பனி. அங்கே உங்களுக்கு அரைப் பேர் போட ஆளில்லை. தோற்றீர்களாம்! யாரிடம்?

எண்ணாதீர்கள் என்று சொல்ல எனக்கும் வாயில்லை. 17 வயதில் ஓர் அப்பியாசக் கொப்பியில் 112 தலைப்பு எழுதி வைத்திருந்தேன், நம்பர் போட்டு, சிவப்புப் பேனாவால் கோடிட்டு. போன மாதம் அலுமாரி ஒதுக்கும்போது கைக்கு வந்தது. பாதிக்கு மேல் என்ன கதையென்றே தெரியவில்லை. 37ஆவது தலைப்புக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வரி: "லாம்பெண்ணெய் முடிந்தது. அவள் ஆற்றைக் கடந்தாளா தெரியாது." அந்தக் கதையை இப்போது கேட்டாலும் முழுசாகச் சொல்வேன். அன்று ராத்திரி காம்பராவில் எல்லாரும் தூங்க, நான் மட்டும் இருட்டில் அந்த ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். விடியுமுன்னே, அம்மா அடுப்பு மூட்டிய வெளிச்சத்தில் மிச்சத்தை வாசித்தேன். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் அம்மா, "கடந்துட்டாளா?" என்று கேட்டார். ராத்திரி நான் புலம்பியதைக் கேட்டிருக்கிறார்.

நீங்கள் மூடி வைத்த நாவலின் பெயரைக்கூட எனக்கு எழுதவில்லை, பக்க எண்ணை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சரி, 140ஆம் பக்கத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.