பயம் வரும்போது யாரைக் கூப்பிடுவது? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: அக்டோபரில் எம்எஸ்சி படிக்க லெஸ்டருக்கு வந்தீர்கள், நாலு பேரோடு ஒரே வீடு. 2021 ஜனவரி 4 அன்று மூன்றாவது ஊரடங்கு அறிவித்ததிலிருந்து தூக்கமில்லை. நெஞ்சு இறுகுகிறது, அது கொரோனாவா பயமா என்று பிடிபடவில்லை. பேசாமல் ஊருக்குத் திரும்பிவிடலாமா?

ஊரில் காய்ச்சல் என்றால் எந்த டாக்டர், எந்த ஆட்டோ, கூட யார் வருவார் என்று யோசிக்காமலே தெரியும். இங்கே அது எதுவும் தெரியாது. உங்கள் பயத்தில் பாதி அந்தத் தெரியாமைதான் என்பது என் எண்ணம். அதனால் மூச்சுப் பயிற்சியைப் பிறகு பார்ப்போம். முதலில் ஜிபி, அதாவது இங்குள்ள குடும்ப டாக்டர்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிபி சர்ஜரியில் (டாக்டரின் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இன்றே பதிவு செய்யுங்கள். படிவம் பெரும்பாலும் ஆன்லைனிலேயே கிடைக்கும். சில வரவேற்பாளர்கள் முகவரிச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சான்று இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் விதி. அதைப் பணிவாகச் சொல்லுங்கள், மசியாவிட்டால் அடுத்த சர்ஜரிக்குப் போங்கள். விசாவோடு சுகாதார சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டித்தான் வந்திருக்கிறீர்கள், டாக்டரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. எழுதித் தரும் மருந்துக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, 2021 ஜனவரியில் அது 9.15 பவுண்டு. 2021 ஜனவரியில் கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் விசா நிலை எதுவானாலும் எல்லோருக்கும் இலவசம்.

அடுத்து ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். காய்ச்சல், விடாத புது இருமல், வாசனையோ ருசியோ போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கொரோனா பரிசோதனை. 2021 ஜனவரி விதிப்படி, பாசிட்டிவ் என்றால் நீங்கள் மட்டுமல்ல, வீட்டில் எல்லோரும் 10 நாள் வெளியே போகக் கூடாது. அதனால் யார் எந்த நேரம் சமையலறைக்குப் போவது, குளியலறையைக் கடைசியாக யார் பயன்படுத்துவது என்று இப்போதே பேசி வையுங்கள். நிலைமை மோசமாகிறது, என்ன செய்வதென்று புரியவில்லை என்றால் என்எச்எஸ் ஆலோசனை எண் 111. ஆங்கிலம் அந்த நேரத்தில் வாயில் வராவிட்டால் "தமிழ் இன்டர்பிரெட்டர் பிளீஸ்" என்றால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாத மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, உதடு நீலமாவது என்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 999. நம் நிறத்துக்கு நீலம் சட்டென்று தெரியாது, உள்ளங்கையையும் உதட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள்.

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கலாம், ஆனால் அதை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். 5 நிமிடம் உட்கார்ந்து, விரலைச் சூடாக்கிக்கொண்டு, மாட்டிய பிறகு எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதறுபவர்கள் நிறைய. 95ம் அதற்கு மேலும் சரி. 93, 94 என்றால் மறுபடி பார்த்துவிட்டு 111 அல்லது ஜிபி. 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் 999. கருத்த தோலில் சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், நன்றாக இருக்கும்போதே உங்கள் வழக்கமான எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். நோய் முற்றுவதானால் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்தால் போதும். உடம்பு நன்றாக இருக்கும்போது மணிக்கு ஒரு தடவை மாட்டிப் பார்ப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான்.

மருந்தில் நம் பிள்ளைகள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, இங்கே வாங்கிய பாராசிட்டமால் 500, சளிக்கென்று லெம்சிப், மூன்றிலும் இருப்பது ஒரே மருந்து, பாராசிட்டமால். லெம்சிப் மேக்ஸ் ஒரு பாக்கெட்டிலேயே 1000 மில்லிகிராம். 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4000ஐத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்த நேரத்தை எழுதுங்கள். பையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால், டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இனி நெஞ்சு இறுக்கம். பதற்றத்தில் வருவது திடீரென ஏறி 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். விரல் நுனி மரத்துப்போகும், ஆக்சிமீட்டர் வழக்கமான எண்ணையே காட்டும். வேகவேகமாக மூச்சு விடுவதால் உடலில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, மரத்துப்போவதும் தலைசுற்றுவதும் அதனால்தான். பாதத்தைத் தரையில் அழுத்தி உட்கார்ந்து, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். ஆழமாக இழுக்காதீர்கள், நிதானமாக விடுவதில்தான் பலன். இறங்காத வலி, நடந்தால் கூடுகிற திணறல் என்றால் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். தாளைப் பார்த்து அழையுங்கள்.

கொரோனா தொற்று, இறப்பு எண்ணிக்கை பார்ப்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாக்குங்கள். 2021 ஜனவரியில் அரசு அதை மாலை 4 மணியளவில் வெளியிட்டது. வார இறுதியில் பதிவாகாத இறப்புகள் செவ்வாய்க்கிழமை சேர்ந்து வந்தன, அன்று எண் எகிறியதற்கு அதுவே காரணம். ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள்.

இரவு 1:30க்கு இங்கே போன் அதிர்வது ஏன் தெரியுமா? ஊரில் காலை 7 மணி, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் ஃபார்வர்டு அனுப்பத் தொடங்கும் நேரம். இரவு 10 முதல் காலை 8 வரை சைலண்டில் போடுங்கள், அப்பா அம்மா அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும். அம்மாவோடு பேசத் தினமும் ஒரே நேரம், நம் மதியம் 2:30, அங்கே இரவு 8. கூட இருக்கும் ஒருவரின் எண்ணையும் அவர்களிடம் கொடுங்கள், நீங்கள் எடுக்காத அன்று அவர்கள் தவிக்க மாட்டார்கள்.

ஜனவரியில் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளிச்சத்தைத் தவறவிட்டால் தூக்கமும் கெடும். 2021 ஜனவரி ஊரடங்கில் உடற்பயிற்சிக்காக நாளுக்கு ஒரு தடவை வெளியே போக அனுமதி உண்டு, அதை நண்பகலில் பயன்படுத்துங்கள். தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் இப்படிப் பார்த்தும் தூக்கம் வராவிட்டால் பல்கலைக்கழக ஆலோசகருக்கு எழுதுங்கள். என்எச்எஸ் பேச்சு சிகிச்சைக்கு ஜிபி சீட்டு இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஜிபியிடம் சொல்வது உங்கள் அனுமதியின்றிக் கல்லூரிக்குப் போகாது. உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் வந்தால் அந்த நொடியே 116 123, மனம் விட்டுப் பேச உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண், 24 மணி நேரமும் இலவசம்.

ஊருக்குப் போவதா என்பதை இரவு 2 மணிக்குத் தீர்மானிக்காதீர்கள். 2020 டிசம்பரில் இந்தியா நிறுத்திய விமானங்கள் 2021 ஜனவரி 8 முதல் குறைந்த அளவில்தான் மறுபடி ஓடத் தொடங்கின. அப்போதைய விதிப்படி இறங்கியதும் பரிசோதனை, பிறகு தனிமை. வீட்டில் வயதானவர்கள் வேறு. ஜிபி பதிவு முடியட்டும், ஒரு வாரம் நன்றாகத் தூங்குங்கள். அப்போதும் போகத் தோன்றினால், வகுப்புகளை அங்கிருந்து தொடர முடியுமா என்று துறைக்கும், விசாவுக்குப் பாதிப்பு வருமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் எழுதி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.